தக்காளி ஜூஸும் கட்டிப்பாலும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நான் கணக்கு எழுதும், ரப்பர் வாங்கும் கடைக்குப் பெயர்ப்பலகை ஒரு பேச்சுக்குத்தான். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் மூக்கே வழி காட்டிவிடும். மரத்தில் கட்டிய கிண்ணத்திலேயே உறைந்துபோன ரப்பர் பால்தான் கட்டிப்பால். அதன் நாற்றம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு எப்படி விளக்கினாலும் விளங்காது. ரப்பர் வாரியத்தின் அன்றைய விலை கைப்பேசிக்கு வந்ததும் அதைப் பார்த்து எங்கள் விலையைக் கரும்பலகையில் எழுதுவேன். அப்புறம் மோட்டார் சைக்கிள்கள் வரத் தொடங்கும். பின்சீட்டில் சாக்கு, சாக்கிலிருந்து சொட்டும் தண்ணீர். தவுக்கே, அதாவது கடை முதலாளி, ஒரு கட்டியை எடுத்து விரலால் அமுக்கிப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் கத்தியால் பிளப்பார். உள்ளே மணல் இருக்கும், மரப்பட்டை இருக்கும், ஒருமுறை கல்லே இருந்தது. தண்ணீருக்கும் குப்பைக்கும் இவ்வளவு கழிவு என்பார். கொண்டுவந்தவர் முகம் சுளிப்பார். பேரம் படியாவிட்டால் சாக்கை மறுபடி கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். அவர் போவதை தவுக்கே ஓரக்கண்ணால் பார்ப்பதை நான் பார்ப்பேன்.

இந்த மேசையில் உட்கார்ந்துதான் ஹயக் என்ற பொருளாதார அறிஞரைப் படித்தேன்.

கோலாலம்பூரில் பொருளாதாரம் படிக்கிறான் என் தம்பி மகன். போன தீபாவளிக்கு வந்தவன் முறுக்கு டின்னுக்குப் பக்கத்தில் நான்கைந்து தடிப் புத்தகங்களை வைத்தான். "அத்தை, அரசாங்கம் எதுவும் செய்யலைன்னு நீங்க எப்பவும் புலம்புறீங்க. அரசாங்கம் செஞ்சதாலதான் கெட்டுப்போச்சுன்னு சொல்ற ஆளுங்க இவங்க" என்றான். லிபர்டேரியன்களாம். தமிழில் சுதந்திரவாதி என்று வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "நேதாஜி ஆளுங்களா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் சுதந்திரம் என்றால் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கும் நேதாஜிதான். இவர்கள் வேறு. உன் உடம்பும் உழைப்பும் உனக்கே சொந்தம், உன் சம்மதமில்லாமல் அதில் கை வைக்க ராஜாவுக்கும் உரிமை கிடையாது, நாலு பேர் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளும் காரியத்தில் சர்க்கார் தலையிட வேண்டாம் என்பவர்கள். 2008-இல் சோசலிஸ்ட் கட்சிக்காரர் ஒருவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஊர் இது. இந்தப் புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போகவே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஹயக்கின் கட்டுரை பன்னிரண்டே பக்கம். 1945-இல் ஓர் அமெரிக்கப் பொருளாதார இதழில் வந்தது. ஒரு நாட்டின் பொருளாதாரத்தை நடத்தத் தேவையான அறிவு எந்த ஒரு மூளையிலும் முழுதாக இல்லை, ஆளுக்குக் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கிறது, விலைதான் அதையெல்லாம் கோக்கிற நூல் என்கிறார். உதாரணத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் எது தெரியுமா? வெள்ளீயம், நம்மூர்ப் பேச்சில் ஈயம். உலகத்தில் எங்கோ ஈயத்துக்குப் புது உபயோகம் கண்டுபிடித்திருக்கிறார்கள், அல்லது எங்கோ ஒரு சுரங்கம் நின்றுபோயிருக்கிறது. இரண்டில் எது நடந்தது என்று ஈயம் வாங்குபவனுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. விலை ஏறியிருக்கிறது, சிக்கனமாக இருக்க வேண்டும், அவ்வளவு தெரிந்தால் போதும்.

கிந்தா பள்ளத்தாக்கின் விளிம்பில் உட்கார்ந்து இதைப் படித்தால் வேறு ஞாபகம் வருகிறது. ஈய விலை விழாமல் இருக்க அனைத்துலக ஈய மன்றம் என்று ஒன்று சந்தையில் ஈயத்தை வாங்கி வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தது. 1985 அக்டோபர் 24-ஆம் தேதி கையில் பணமில்லை என்று கைவிரித்தது. லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரம் அன்றே நின்றது. மறுபடி தொடங்க 1989 ஆனது. விலை கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. கிந்தாவில் சுரங்கங்கள் வரிசையாக மூடின. சித்தப்பா வேலை பார்த்த சுரங்கமும் அதில் ஒன்று. அப்புறம் அவர் மணல் லாரி ஓட்டினார். "விலையைக் கட்டிப் பிடிச்சா இதான் அத்தை கதி" என்றான் மருமகன். சரிதான். நான் மறுக்கவில்லை. விலையைக் கட்டிப் பிடித்தவர்கள் யாரும் மணல் லாரி ஓட்டவில்லை என்பதை மட்டும் சொல்லி வைத்தேன்.

ஆனால் எனக்குப் பிடித்துப்போனவர் பீட்டர் பாவர் என்ற பொருளாதார அறிஞர். 1915-இல் புடாபெஸ்டில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, லண்டனில், மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் நடத்திய குத்ரி கம்பெனியில் வேலை பார்த்தவர். குத்ரி என்றால் யார் என்று தோட்டத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1946-இல் மலாயாவுக்கு வந்து சிறுதோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். ரப்பர் தொழிலைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1948-இல் வந்தது. அந்த வருஷம் ஜூன் 16-இல்தான் எங்கள் ஊர்ப் பக்கம் வெள்ளைக்காரத் துரைகள் மூன்று பேர் சுடப்பட்டு, நாடு அவசரகாலத்துக்குள் போனது.

பாவர் கிளறியது பழைய கதை. முதல் உலகப் போருக்குப் பிறகு ரப்பர் விலை சரிந்ததும் 1922-இல் ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். யார் எவ்வளவு ரப்பர் ஏற்றுமதி செய்யலாம் என்று சர்க்கார் அளந்து கொடுக்கும். டச்சுக்காரர்கள் இதில் சேரவில்லை. நாம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நேரத்தில் டச்சு ஆட்சியிலிருந்த சுமத்ராவிலும் போர்னியோவிலும் குடியானவர்கள் நட்டுத் தள்ளினார்கள். 1928-இல் திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. 1934-இல் டச்சுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை புதிதாக மரம் நடுவதற்கே ஏறக்குறைய தடை.

இதில் அடிவாங்கியது யார்? சிறுதோட்டத்து மரங்கள் எவ்வளவு பால் தரும் என்பதை அதிகாரிகள் குறைத்தே மதிப்பிட்டார்கள். அதனால் சிறுதோட்டக்காரருக்கு வந்த ஏற்றுமதிப் பங்கும் குறைந்தது. பெரிய தோட்டம் ஒரு மூலையில் கிழட்டு மரங்களைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்துகொள்ளும், மற்ற மூலைகளில் பால் வந்துகொண்டிருக்கும். மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் அதையே செய்தால் ஆறேழு வருஷம் எதைச் சாப்பிடுவார்? அவருக்கு வேண்டியது பக்கத்தில் ஒரு துண்டு புது நிலம். அதற்குத்தான் தடை. சிறுதோட்டத்தில் மரங்கள் நெருக்கமாக நிற்பதைப் பார்த்து, இவர்களுக்குப் பராமரிப்புத் தெரியவில்லை என்று அதிகாரிகள் எழுதினார்கள். நிலம் கொஞ்சம், வீட்டில் கைகள் நிறைய, நெருக்கி நட்டால் ஏக்கருக்குப் பால் கூடுதல் என்ற கணக்கில்தான் நட்டிருக்கிறார்கள் என்று பாவர் பதில் எழுதினார். ஆசியக் குடியானவனுக்கு நாளையைப் பற்றி யோசிக்கத் தெரியாது என்று படித்தவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம். ஏழு வருஷம் காத்திருந்தால்தான் பால் தரும் மரத்தைப் பல லட்சம் ஏக்கரில் நட்டவன் யார் என்பதுதான் அவருடைய கேள்வி. 2002-இல் அமெரிக்காவில் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் பெயரில் ஒரு பரிசை முதன்முதலாக அவருக்கு அறிவித்தார்கள். வாங்குவதற்குள் இறந்துபோனார்.

இதைப் படித்த பிறகு கடைக்கு வரும் பாக்சிக்குகளை, அந்த மலாய்ப் பெரியவர்களை, பார்க்கும் பார்வையே மாறியது என்றுதான் சொல்ல வேண்டும். அவர்களுக்கு பாவரும் வேண்டாம், ஹயக்கும் வேண்டாம். 2024 பட்ஜெட்டில் கட்டிப்பாலுக்குக் கிலோ 3 வெள்ளி (ரிங்கிட்) என்று எல்லை வைத்து, விலை அதற்குக் கீழே போனால் மானியம் என்றார்கள். அந்தப் பணம் எப்போது பேங்கில் ஏறும் என்பதுதான் அவர்கள் கேள்வி. பாவர் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். பாக்சிக் அவரை உட்காரவைத்து ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்திருப்பார்.

பாவரை இரண்டாம் தடவை முடித்தபோதுதான் ஒன்று உறைத்தது. இந்த வழக்கில் நாங்கள் எங்கே? ஒரு பக்கம் கம்பெனி, ஒரு பக்கம் சிறுதோட்டக்காரர். அம்மா இரண்டிலும் இல்லை. கம்பெனியின் செலவுக் கணக்கில் ஒரு வரியாக இருந்தார். அந்த வரி மலிவாக இருந்ததற்கும் சர்க்கார்தான் காரணம். 1907 முதல் தோட்டக்காரர்களிடம் ஆள் கணக்கில் வசூலித்த நிதியை வைத்துத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். கப்பல் சீட்டு எடுத்துக் கொடுத்து உண்டாக்கிய சந்தை. அதைச் சுதந்திரச் சந்தை என்று எந்த நியாயமான லிபர்டேரியனும் சொல்ல மாட்டார்.

மருமகனின் புத்தகக் குவியலில் பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸின் 1937 கட்டுரையும் இருந்தது. இவரை அந்தக் கூட்டத்தில் முழுசாகச் சேர்க்க முடியாது, பக்கத்து வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். சந்தை அவ்வளவு நல்லது என்றால் கம்பெனி எதற்கு என்று கேட்டவர். கம்பெனிக்கு உள்ளே விலை கிடையாது, உத்தரவுதான். டி.எச். ராபர்ட்சன் என்பவர் சொன்ன உவமை ஒன்றை எடுத்துப் போடுகிறார்: யாரும் நடத்தாமல் தானாக நடக்கும் ஒத்துழைப்புக் கடலில் அங்கங்கே அதிகாரத் தீவுகள், மோர் வாளியில் திரளும் வெண்ணெய்க் கட்டிகளைப் போல. வெண்ணெய் கடைந்து எனக்குப் பழக்கமில்லை. பால் பிடிக்கும் மங்கில், அதாவது கிண்ணத்தில், அமிலம் இரண்டு சொட்டு விட்டால் பால் எப்படி இறுகும் என்று தெரியும்.

நான் பிறந்த தோட்டம் அப்படி இறுகிய கட்டி. விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் அன்றைக்குச் சம்பளம். வரிசையாகக் கட்டிய லயத்து வீடு கம்பெனியுடையது, பிள்ளைகளை விடும் ஆயாக் கொட்டகை கம்பெனியுடையது, மருந்துக்கடை கம்பெனியுடையது, கள்ளுக்கடை நிற்கும் இடமும் கோயில் நிற்கும் இடமும் கம்பெனியுடையவை. பெரிய துரை பார்வையிட வரும் நாளில் வாசலில் துணி காயக் கூடாது. மாஸ்கோவில் இருந்து திட்டம் போடுவதைப் பற்றி ஹயக் எச்சரித்ததெல்லாம் பேராக்கில் முள்வேலிக்குள் அறுபது எழுபது வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

அம்மா மரம் சீவுவதை நான் பள்ளி விடுமுறைகளில் விளக்குப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். ஐந்நூறுக்கு மேல் மரங்கள், ஒரு மரத்துக்கு அரை நிமிஷம்கூட இல்லை. உளி பட்டையில் இறங்கும் சத்தத்தை வைத்தே தடிமனைச் சொல்வார். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். ஆறின இடத்தில் முண்டு விழுந்து, அங்கே மறுபடி கோடு போட முடியாது. மேலாகப் போனால் பால் வராது. இரவில் மழை பெய்திருந்தால் பட்டையில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். மேட்டு நிரை ஏழு மணிக்குக் காயும், ஓடைப் பக்கத்து நிரைக்கு ஒன்பது ஆகும் என்பார். ஆபீசிலிருந்து கிராணி, அதாவது குமாஸ்தா, எல்லா நிரைக்கும் ஒரே நேரம் சொல்லி அனுப்புவார். ஈர மரத்தில் கோடு போட்டால் பால் பட்டையெல்லாம் பரவி வீணாகும். அந்த நஷ்டமும் அம்மா கணக்கில்தான் எழுதப்படும். அந்தந்த இடத்து மனிதருக்கு மட்டும் தெரிந்த அறிவு என்று ஹயக் எழுதியது அம்மாவின் புறங்கையில் இருந்தது. அதை விலையாக்கும் கரும்பலகைதான் தோட்டத்துக்குள் இல்லை.

இவர்கள் எல்லோருக்கும் மூலவர் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக். 1689-இல் வந்த நூலில் சொத்து எப்படிப் பிறக்கிறது என்று ஓர் அத்தியாயம். பொதுவாகக் கிடக்கும் ஒன்றோடு உன் உழைப்பைக் கலந்தால் அது உனதாகிறது, மற்றவர்களுக்கும் போதுமான அளவு நல்லதாக மிச்சம் இருக்கும் வரை. படிக்கும்போது அம்மாவுக்காகவே எழுதிய மாதிரி இருந்தது. இருபத்தெட்டாம் பத்திக்கு வந்தேன். என் குதிரை மேய்ந்த புல், என் வேலைக்காரன் வெட்டியெடுத்த புல்மண், நான் தோண்டிய தாது, எல்லாம் யாருடைய சம்மதமும் இல்லாமல் என் சொத்தாகின்றன என்கிறார் லாக்.

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ போடப் போனேன். குதிரைக்கும் தாதுவுக்கும் நடுவில் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"கூலி வாங்கிட்டாங்கல்ல அத்தை? உழைப்பை வித்தாச்சு. வித்த பொருள் வாங்கினவருக்குத்தான்" என்றான் மருமகன். நல்ல பதில். ஆனால் எங்கள் கடையில் கழிவு பிடிக்காத பாக்சிக் சாக்கைக் கட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறாரே, அது அம்மாவால் முடியுமா? வாங்குபவரும் வீட்டுக்காரரும் ஒரே ஆள். கூலி பிடிக்கவில்லை என்று சொன்னால் அன்று இரவு படுக்க இடம் தேட வேண்டும். சர்க்காரின் கை ஒருவன் கழுத்தில் இருந்தால் நூறு அடி தூரத்தில் இருந்தே கண்டுபிடிக்கிற இந்தப் பெரியவர்களுக்கு, இந்தக் கை மட்டும் ஏன் கண்ணில் படுவதில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நாசிக் கண்ணில் கொஞ்சம் பட்டிருக்கிறது. அவருடைய புத்தகம் 1974, ஹயக்குக்கு நோபல் கிடைத்த அதே வருஷம். லாக்கை அவரே சீண்டிப் பார்க்கிறார்: என்னிடம் ஒரு டின் தக்காளி ஜூஸ் இருக்கிறது, அதைக் கடலில் ஊற்றிக் கலக்கிவிடுகிறேன், இப்போது கடல் எனக்குச் சொந்தமா, அல்லது முட்டாள்தனமாக ஜூஸை இழந்தேனா? இதை அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே யோசித்தார். "கடல்ல எதுக்கு ஊத்தினாரு? மீன் கொழம்புல ஊத்தியிருக்கலாம்ல" என்றார்.

நாசிக் சொல்வது இதுதான்: சொத்தை முதலில் நியாயமாகப் பெற்றிருக்க வேண்டும், நியாயமாகக் கைமாற்றியிருக்க வேண்டும், எங்காவது அநியாயம் நடந்திருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். மூன்றாவதைப் பற்றி அவர் அதிகம் எழுதவில்லை. ஆனால் ஓர் இடத்தில், பழைய அநியாயங்கள் அவ்வளவு பெரிதாக இருந்தால் அவற்றைச் சரிசெய்யக் கொஞ்ச காலத்துக்குப் பெரிய அரசாங்கமேகூடத் தேவைப்படலாம் என்று ஒப்புக்கொள்கிறார். அந்த வரியை மருமகன் கோடு போடாமல் விட்டிருந்தான். நான் பென்சிலால் போட்டு வைத்தேன்.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் முரே ராத்பார்ட் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சர்க்கார் தாளில் எழுதிக் கொடுத்த பெருநில உரிமையெல்லாம் செல்லாது, காட்டைத் திருத்திப் பாடுபட்டவன்தான் சொந்தக்காரன் என்று 1982-இல் எழுதுகிறார். நம்மூர் சோசலிஸ்டுகள்கூட இவ்வளவு தைரியமாகச் சொன்னதில்லை. சந்தோஷப்படுவதற்கு முன்னால் சுங்கை பிலுஸ் ஆற்றோரத்துப் பூர்வகுடிகளான தெமியார்களையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. காடு அவர்களுடையதாக இருந்தபோது தமிழன் கப்பலே ஏறவில்லை. பூர்வகுடிகளுக்கு அவர்கள் வாழ்ந்த நிலத்தில் உரிமை உண்டு என்று நம் நீதிமன்றங்கள் தொண்ணூறுகளின் பிற்பகுதியிலும் 2002-இலும் சொல்லியிருக்கின்றன.

மருமகன் கட்சியில் நான் மறுபேச்சில்லாமல் சேர்ந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்றார்கள். அம்மாவின் அண்ணனிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை. உளியும் மரமும் அதே, வேலை கொடுக்கத் தோட்டமும் தயார், ஆனால் வேலை செய்ய அனுமதி இல்லை. ரஜூலா கப்பலில் ஏறி இந்தியாவுக்குப் போனார். அவர் கையெழுத்தில் வந்த கடிதங்கள் எல்லாவற்றிலும் இங்கே மழை எப்படி என்று விசாரித்திருப்பார்.

தோட்டத் துண்டாடல் காலத்தைப் பற்றி இவர்களில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, லயத்து ஆட்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். விற்றவருக்கு விருப்பம், வாங்கியவருக்கு விருப்பம். புத்தகப்படி ஒரு குற்றமும் இல்லை. அதற்கு வந்த பதிலும் புத்தகப்படிதான் என்பது வேடிக்கை. எங்கள் ஊர்க்காரர் சம்பந்தன், அப்போது அமைச்சர், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளி பங்கு, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தோட்டத்து ஆட்களின் அந்தப் பத்துப் பத்து வெள்ளியில் 1961-இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். மனிதர்கள் தாங்களாகச் சேர்ந்து தங்களுக்குப் பிடித்த ஊரைக் கட்டிக்கொள்ளட்டும் என்று நாசிக் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் கனவு காண்கிறார். தாத்தா அந்தக் கனவுக்குப் பதிமூன்று வருஷம் முந்தியே தவணை கட்டியிருக்கிறார்.

எங்கள் தோட்டத்தைச் சங்கம் வாங்கவில்லை. 1994-இல் கைமாறியது, மரங்கள் சாய்ந்தன, எண்ணெய்க்கான செம்பனை வந்தது. ஆளை வேலையிலிருந்து நிறுத்தினால் நஷ்டஈடு எவ்வளவு என்று 1980 விதிமுறையில் இருக்கிறது: ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் கூலி. அம்மாவுக்கு 26 வருஷம், 520 நாள். நான் அப்போதுதான் கணக்குப் படித்து முடித்திருந்தேன். லயத்தில் பதினோரு வீட்டுத் தாள்களை என்னிடம் கொண்டுவந்து சரிபார்க்கச் சொன்னார்கள். நடையில் பாய் விரித்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். ஒரு சென் தப்பில்லை. பாட்டன் காலத்திலிருந்து குடியிருந்த வீட்டுக்கு அந்தத் தாளில் வரியே கிடையாது. காலி செய்ய வேண்டிய தேதி மட்டும் அடியில் இருந்தது.

அந்தத் தாளைப் போன மாதம் மருமகனிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான். பிறகு பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ராத்பார்ட் சொல்வதை அவருக்குப் புரியும்படி பொறுமையாக எடுத்துச் சொன்னான். காட்டைத் திருத்தியவர்கள், மரத்தை வளர்த்தவர்கள், மூன்று தலைமுறை, எல்லாம் சொன்னான்.

"அப்படிப் பாத்தா அந்த வீடு உங்களுதுதான் பாட்டி."

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "சரி சாமி. சாவிய யாருகிட்ட போய்க் கேக்கணும்?"